இறால் வறுவலுக்கு மூன்று நிமிடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் வந்த கார இறால் வறுவல் குறிப்பைப் பற்றியது இக்கடிதம். அரை கிலோ இறாலில் இஞ்சி பூண்டு விழுது, தயிர், எலுமிச்சைச் சாறு, மசாலாத் தூள் எல்லாம் பிசறி ஒரு மணி நேரம் ஊற வைத்து, கடாயில் கொட்டி மூடி, நீர் வற்றும்வரை பதினைந்து நிமிடம் வேகவிட்டு, பிறகு சுருள வதக்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. உங்கள் இதழை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அச்சில் வரும் இறால் குறிப்புகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. ஆட்டுக்கறிக்கு எழுதியதில் கறியை எடுத்துவிட்டு இறால் என்று போட்டால் என்ன வருமோ அதுதான் வந்திருக்கிறது. ஆட்டுக்கறி வேக நேரம் வேண்டும், இறாலுக்கு நேரம்தான் எதிரி. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குள் சாப்பிட நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான அசைவம் கிடையாது. அதை ஒன்றரை மணி நேர வேலையாக்கி, கடைசியில் சவசவவென்று ஒரு வறுவலை வாசகர் தட்டில் வைப்பது நியாயமில்லை.

முதலில் அளவு. 'இறால் அரை கிலோ' என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். தலையும் ஓடும் உள்ள அரை கிலோவா, சுத்தம் செய்த அரை கிலோவா? முழு இறால் ஒரு கிலோ வாங்கினால் தலை, ஓடு, குடல் எல்லாம் போக மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல்தான். அதைவிட முக்கியமானது உருவம். பண்ணைக்காரர்களும் வியாபாரிகளும் 'கவுண்ட்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் அது. 30 கவுண்ட் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 33 கிராம், 60 கவுண்ட் என்றால் அதில் பாதி. எண்ணிக்கை ஏற ஏற இறால் பொடிசு. உறைந்த பாக்கெட்டுகளில் 21/25 என்பதுபோல் போட்டிருந்தால், பெரும்பாலும் அது கிலோவுக்கு அல்ல, 454 கிராம் கொண்ட பவுண்டுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'இவ்வளவு பெரிய இறால் இவ்வளவுதான் விலையா' என்றோ, மாறாகவோ ஏமாந்துவிடக் கூடாது.

கல்லில் சுட்டெடுக்கும் வறுவலுக்கு 30 முதல் 40 கவுண்ட் வரை சரியான உருவம். 60 வரை சமாளிக்கலாம். 80-க்கு மேல் போனால் மேற்புறம் சிவப்பதற்கு முன்பே உள்ளே வெந்து முடிந்து கெட்டியாகிவிடும். பொடி இறாலைத் தொக்குக்கோ வடைக்கோ வைத்துக்கொள்வதுதான் உத்தமம். மூன்று பேருக்கு 40 கவுண்ட் இறால் முக்கால் கிலோ வாங்கினால் முப்பது இறால் வரும், உரித்தபின் சுமார் 400 கிராம் நிற்கும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அந்த 400 கிராமுக்கு.

எந்த இறால் என்பதற்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் கடைக்கு வருவதில் பெரும்பங்கு பண்ணை இறால்தான், அதுவும் வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்த இனத்தை இந்தியாவில் வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது. இன்று ஆண்டு முழுவதும் கிடைப்பதும் கைக்கு எட்டும் விலையில் இருப்பதும் அதுதான். வனாமிக்கு ஓடு மெல்லிசு, சதை சற்று மிருது, கல்லில் போட்டதும் நீர் அதிகம் விடும். கடலில் பிடித்த வெள்ளை இறாலும் டைகர் இறாலும் இறுகிய சதை கொண்டவை, கொஞ்சம் அசட்டையாகச் செய்தாலும் மன்னிக்கும். வனாமி மன்னிக்காது. ஆகவே குறிப்பு வனாமியை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும்.

வாங்கும்போது தலையைப் பாருங்கள். இறால் செத்ததும் முதலில் சிதைவது தலைதான். அதற்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் பக்கத்துச் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். தலை தொங்கிப்போய், கழுத்துப் பக்கத்துச் சதை கூழாக இருந்தால் அது பழசு. என்ன சமைத்தாலும் அந்தப் பக்கம் மாவாகத்தான் இருக்கும். ஓட்டில் கரும்புள்ளி விழுந்திருப்பது அழுகல் அல்ல, வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல நொதியால் வரும் நிறமாற்றம். ஆனாலும் பனிக்கட்டியில் சரியாக வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அமோனியா நெடி அடித்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம். காலையில் வாங்கி இரவில் சமைப்பவர்கள் கடையிலேயே தலையைக் கிள்ளி வாங்கி, மூடிய டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த அடுக்கில் வைக்கலாம். தண்ணீரில் மூழ்க வைத்து வைக்கக் கூடாது, சுவை முழுக்க அந்த நீரோடு போய்விடும்.

உறைந்த பாக்கெட்டில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இறாலைச் சுற்றிப் பூசிய பனிக்கட்டி. அது நீங்கிய நிகர எடை எவ்வளவு என்று உறையில் தேடுங்கள். இரண்டு, சேர்மானப் பட்டியலில் பாஸ்பேட் அல்லது ஐ.என்.எஸ். 451, 452 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இறால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் சேர்ப்பது அது. அப்படிப் பிடித்த நீர் கல்லில் வெளியே வரும். பாஸ்பேட் இல்லாத பாக்கெட் கிடைத்தால் இரண்டு காசு கூடக் கொடுத்தாலும் தகும். உறை பிரிக்காமல், அல்லது ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் இருபது முப்பது நிமிடத்தில் இளகிவிடும். வெந்நீர் ஊற்றினால் வெளிப்புறம் அரைவேக்காடாகி உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும்.

முதுகில் ஓடும் கறுப்பு நூல்தான் குடல், அதை எடுக்க வேண்டும். கத்தி நுனியால் முதுகில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளக் கீறி எடுப்பது நல்லது. அந்தக் கீறல் விரிந்து மசாலாவும் சூடும் உள்ளே போக வழி கிடைக்கும். வயிற்றுப் பக்கம் தெரியும் மெல்லிய கோடு நரம்பு, அழுக்கு அல்ல. அதைப் பிடுங்கப் போய் இறாலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். வால் ஓட்டை விட்டு வைப்பது பார்வைக்கு மட்டும்தான். சோற்றோடு பிசைந்து சாப்பிடும் வீட்டில் அது தொந்தரவு, எடுத்துவிடலாம்.

இப்போது விஷயத்தின் அடிவேருக்கு வருகிறேன். இறால் வறுவல் கெடுவதெல்லாம் தண்ணீரால் கெடுவதுதான். கல்லின்மேல் நீர் தேங்கி நிற்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. மேற்புறம் சிவந்து, வறுத்த மணம் வருவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். இன்னொரு பக்கம், இறாலின் உட்புறம் 63 டிகிரி வாக்கில் வெந்து முடிந்துவிடுகிறது. 70-ஐத் தாண்டினால் சதை சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியேற்றத் தொடங்கும். அதாவது, உள்ளே 70 டிகிரி வருவதற்குள் வெளியே 140 டிகிரி வந்தாக வேண்டும். நீர் நின்றால் இந்தப் பந்தயத்தில் வெளிப்புறம் எப்போதும் தோற்கும். 'நீர் வற்றும்வரை வேகவிடவும்' என்ற வரியின் பொருள் என்னவென்றால், இறால் தன் சாற்றை முழுக்க விட்டு, அந்தச் சாற்றிலேயே கொதித்து, அது வற்றியபின் வெறும் சக்கை வதங்குகிறது என்பதுதான். மூடி போட்டால் ஆவியும் திரும்ப உள்ளேயே விழும். இறால் வறுவலில் மூடிக்கு வேலையே இல்லை.

உங்கள் குறிப்பில் இருந்த தயிர், எலுமிச்சை, இஞ்சி விழுது மூன்றும் ஊறலில் சேரக் கூடாதவை. தயிர் பெரும்பாலும் நீர், கல்லில் கொதிக்கும், சிவக்காது. எலுமிச்சைப் புளிப்பு பத்து நிமிடம் வரை பரவாயில்லை. அரை மணி ஒரு மணி என்று போனால் இறாலின் மேற்புறம் தீயில் வைக்காமலே வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி உதிரத் தொடங்கும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. முற்றிய ஆட்டுக்கறிக்கு அது உதவி. இறால் போன்ற மெல்லிய சதையில் ஒரு மணி நேரம் ஊறினால் வெளிப்புறம் பிசுபிசுவென்று கூழாகும். வெந்தபின் 'உள்ளே ரப்பர், வெளியே மாவு' என்று சிலர் சொல்வார்களே, அதன் காரணம் பெரும்பாலும் இஞ்சி ஊறலும் அதிக வேக்காடும் ஒன்று சேர்ந்ததுதான். இறாலுக்கு ஊறல் ருசிக்காகத் தேவையே இல்லை. ஒரு அங்குல கனம்கூட இல்லாத சதை, மசாலா மேலே ஒட்டினால் போதும்.

ஊறல் ஒன்று பயன்படும் என்றால் அது உப்பும் சமையல் சோடாவும். 400 கிராம் இறாலுக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா தூவிப் பிசறி பதினைந்து நிமிடம் குளிரில் வைக்கவும். சோடா காரத்தன்மையைக் கூட்டுவதால் சதை நீரைப் பிடித்துக்கொள்ளும், கடித்தால் மொறுக்கென்று ஒரு இறுக்கம் இருக்கும், மேற்புறமும் விரைவில் சிவக்கும். கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், கை தாராளம் இங்கே ஆகாது. பாஸ்பேட் போட்ட பாக்கெட் இறாலுக்கும், நல்ல கடல் இறாலுக்கும் சோடா வேண்டாம், உப்பு மட்டும் போதும். அதன்பின் கழுவாமல், பழைய வேட்டித் துணியிலோ சமையல் காகிதத்திலோ பரப்பி, மேலேயும் ஒரு துணி போட்டு அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு முறை ஒற்றுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும். அச்சில் வரும் குறிப்புகளில் நான் ஒரு வரிகூடக் காணாத வேலை இது. விளைவைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான்.

மசாலாவை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இறாலோடு தீயில் விழுவது ஒன்று, கடைசியில் சேர்வது ஒன்று. முதலாவதற்கு காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், காரமான மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், அரிசி மாவு ஒரு டீஸ்பூன். இவற்றை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் குழைத்து, கல்லில் போடப் போகும் நேரத்தில் இறாலில் பூசவும். எண்ணெயில் குழைப்பதற்குக் காரணம் இரண்டு. உலர்ந்த தூள் சூட்டுக் கல்லில் விழுந்தால் நொடியில் கருகி, வீடு முழுக்க நெடி ஏறி எல்லோரையும் இருமவைக்கும். எண்ணெயில் இருந்தால் இறால் கல்லில் கிடக்கும் ஒன்றரை நிமிடத்தைத் தாங்கும். மேலும், மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைபவை, இறால் முழுவதும் சீராகப் பரவும். அரிசி மாவு கடைசியாகக் கசியும் ஈரத்தை உறிஞ்சும்.

வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூளை இதற்கு எடுக்க வேண்டாம். அதில் மல்லியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்திருக்கும். குழம்பில் கொதித்து மணப்பதற்கான தூள் அது, பெருந்தீயில் கருகிக் கசக்கும். தனி மிளகாய்த்தூள்தான் வேண்டும். சம்பா மிளகாயையோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயையோ வாங்கி அரைத்து வைத்திருப்பவர்கள் அந்த அரை டீஸ்பூனில் தொடங்கி, ருசி பார்த்து அடுத்த முறை ஏற்றலாம்.

பாத்திரம் பற்றியும் குறிப்பு வாய் திறக்கவில்லை, 'கடாய்' என்பதோடு சரி. குழிந்த கடாயில் அடிப்பாகம் மட்டும்தான் நல்ல சூடு, ஓரங்களில் இறால் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நீர் நடுவில் தேங்கும். வேண்டியது தட்டையான கனத்த பாத்திரம். வார்ப்பிரும்புச் சட்டி முதல்தரம், இரும்புத் தோசைக்கல்லும் போதும். ஆனால் தினமும் தோசை வார்க்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். மறுநாள் தோசை ஒட்டும், மணமும் போகாது. காலையில் வீட்டில் நடக்கும் பேச்சு வார்த்தைக்கு ஆசிரியர் பொறுப்பேற்க மாட்டார். நான்ஸ்டிக்கில் செய்தே ஆக வேண்டும் என்றால், வெறுங்கல்லாகப் பெருந்தீயில் காயவிடக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை விடும். எண்ணெய் ஊற்றியபின் மிதமான தீயில் சூடேற்றுங்கள், சிவப்பு கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.

இரும்புக் கல்லைப் பெரிய பர்னரில் மிதத்துக்குச் சற்று மேலான தீயில் நான்கைந்து நிமிடம் காய விட வேண்டும். இரும்பு மெல்லத்தான் சூடேறும், அவசரப்பட்டு முழுத் தீ வைத்தால் நடு மட்டும் எரிந்து ஓரம் குளிர்ந்து கிடக்கும். ஒரு சொட்டு நீர் தெளித்துப் பாருங்கள். பரவிக் கொதித்து ஆவியானால் போதாது. முத்துப்போல் உருண்டு கல்லின்மேல் ஓட வேண்டும். அப்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ரீபைண்ட் கடலை எண்ணெய் இந்தச் சூட்டுக்குத் தாங்கும். செக்கு நல்லெண்ணெயும் செக்குத் தேங்காய் எண்ணெயும் சீக்கிரம் புகைந்து கசந்துவிடும். தேங்காய் எண்ணெய் மணம் வேண்டுபவர்கள் கடைசியில் ஒரு டீஸ்பூன் பச்சையாக விட்டுக்கொள்ளலாம்.

பதினைந்து இறாலைக் கீறிய பக்கம் விரியும்படி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். இருபத்தெட்டு சென்டிமீட்டர் கல்லில் இதுதான் கணக்கு. முப்பதையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வீட்டு அடுப்பின் சூடு ஈடுகொடுக்காது, கல் குளிர்ந்து நீர் விடும், மேலே சொன்ன கதை முழுதும் நடக்கும். இரண்டு தவணையாகப் போடுவதால் கூடுதலாகப் பிடிப்பது மூன்று நிமிடம். போட்டபின் கை வைக்கக் கூடாது. கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பது நம் வழக்கம், அதை அடக்க வேண்டும். 40 கவுண்ட் இறாலுக்கு முதல் பக்கம் ஒன்றரை நிமிடம். அதற்குள் கல்லில் ஒட்டியதே தானாக விடுபட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள், இன்னும் பத்து விநாடி கொடுங்கள். திருப்பிப் போட்டு முக்கால் நிமிடம். 30 கவுண்ட் என்றால் இரண்டு நிமிடமும் ஒரு நிமிடமும், 60 கவுண்ட் என்றால் ஒரு நிமிடமும் அரை நிமிடமும். கீறலின் ஆழத்தில் மட்டும் இன்னும் லேசாகக் கண்ணாடித்தன்மை தெரியும்போதே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் சூடு மீதியை வேகவைத்துவிடும், கடைசியில் மசாலாவோடு இன்னொரு அரை நிமிடமும் இருக்கிறது. அரைவட்டமாக வளைந்தால் பதம். தலையும் வாலும் தொட்டு முழு வளையமாகச் சுருண்டுவிட்டால் கடந்துபோயிற்று.

ஓடு உரித்த சதை ஆரஞ்சாக மாறுவதை வைத்து மட்டும் வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. அந்த நிறமி பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பல் நீலமாகத் தெரியும், சூடு பட்டதும் புரதம் விடுபட்டு நிறம் வெளிப்படும். மேற்புறத்தில் அது மிக முன்னதாகவே நடந்துவிடும். போதாக்குறைக்கு மிளகாய்த்தூளின் சிவப்பு வேறு மறைக்கும். பார்க்க வேண்டிய இடம் கீறல்தான்.

இறாலை எடுத்ததும் தீயைக் குறைத்து, அதே கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அரை டீஸ்பூன் சோம்பு, இடித்த பூண்டு ஆறு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. பூண்டு பொன்னிறத்தைத் தொடும்வரை, அதாவது நாற்பது விநாடி போல வதக்கினால் போதும். இஞ்சி வேண்டும் என்பவர்கள் துருவிய இஞ்சி அரை டீஸ்பூன் இங்கே சேர்க்கலாம், சூட்டில் அதன் நொதி செயலிழந்துவிடும், மணம் நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, கல்லில் ஒட்டியிருக்கும் சிவந்த அடிப்பற்றைச் சுரண்டிக் கரைக்கவும். ருசியெல்லாம் அதில்தான் கிடக்கிறது. அது கெட்டியானதும் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன், இறால், தட்டில் வழிந்திருக்கும் சாறு எல்லாம் சேர்த்து அரை நிமிடம் புரட்டி அடுப்பை அணைக்க வேண்டும். எலுமிச்சை அரை மூடி அணைத்தபின்தான். உப்பு பார்த்துச் சேர்க்கவும். ஊறலில் அரை டீஸ்பூன் போட்டாயிற்று, உறைந்த இறாலிலும் முன்பே உப்பு இருக்கக்கூடும், ஆகவே ருசி பார்க்காமல் மேலும் போட வேண்டாம். சின்ன வெங்காயம் இல்லாமல் வறுவலா என்று கேட்பவர்கள், பத்து வெங்காயத்தை நறுக்கித் தனியாகச் சிவக்க வதக்கி இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதல். தக்காளி வேண்டவே வேண்டாம், அது தொக்காகிவிடும்.

தொக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரியச் சுருண்டு வருவதற்கு நேரம் வேண்டும், அது வேறு பலகாரம், வேறு நாளைக்குரியது. அங்கும் இறாலை முதலிலேயே போடாமல் மசாலா சுருண்டபின் கடைசி மூன்று நான்கு நிமிடத்துக்குப் போட்டால் போதும். இலங்கை உணவகங்களில் கிடைக்கும் இறால் டெவில் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. வெங்காயத்தையும் கறிமிளகாயையும் பெருந்தீயில் மொறுமொறுப்புக் குறையாமல் புரட்டி, தனியே பொரித்தெடுத்த இறாலைக் கடைசியில் சேர்ப்பார்கள். இறாலைத் தனியே முடித்து வைப்பது என்ற அடிப்படை அங்கும் அதுவே.

எவ்வளவு கவனித்தும் கல்லில் நீர் விட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே எல்லா இறாலையும் எடுத்துவிடுங்கள். நீரை மட்டும் பெருந்தீயில் வற்றவிட்டு, அது எண்ணெயோடு பாகுபோல் ஆனதும் பூண்டும் மிளகும் சேர்த்து, இறாலை அதில் புரட்டி எடுங்கள். சிவந்திருக்காது, ஆனால் மிருதுவாக இருக்கும். நீரோடு சேர்த்து வற்றவிட்டால் இரண்டும் போய்விடும். மசாலா கருகிக் கசந்தால், அந்தக் கல்லில் அடுத்த தவணையைப் போடாமல் தண்ணீர் விட்டுச் சுரண்டித் துடைத்துவிட்டுத் தொடரவும். முதல் தவணையின் கருகல்தான் இரண்டாவதையும் கெடுக்கும். கசப்பு வராமலிருக்க, தவணைக்கு நடுவில் ஒருமுறை துடைப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் ருசி போகும், பாதுகாப்பு அதிகம். ரப்பராகிவிட்ட இறாலை மீட்க வழியில்லை. பொடியாக நறுக்கி முட்டைப் பொரியலிலோ பொரித்த சோற்றிலோ கலந்துவிடலாம்.

வேலை நாளில் வரிசை இப்படி அமையும். வந்ததும் உறைந்த பாக்கெட்டைத் தண்ணீரில் போட்டு, அரிசியைக் களைந்து ஊற வைக்கவும். இளகியதும் உப்பும் சோடாவும் பிசறி வைத்து, குக்கரை ஏற்றி, பூண்டு உரித்து, மிளகு இடிக்கவும். குக்கர் அடங்கும் நேரத்தில் இறாலை ஒற்றி, கல்லைக் காயவைத்தால், சோறு சூடாக இருக்கும்போதே வறுவல் இறங்கும். சுத்தம் செய்த பச்சை இறால் கையில் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடியும். கூடவே ரசம் போதும். தோசைக்கும் பொருந்தும். ஆறவிட்டுச் சாப்பிடும் பதார்த்தம் அல்ல, எல்லோரும் உட்கார்ந்தபின் கல்லில் போடுவதே முறை. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்க்க வேண்டும். மறுபடி கல்லில் சூடாக்க வேண்டாம். சுடுசோற்றில் புதைத்து இரண்டு நிமிடம் வைத்தால் அந்தச் சூடே போதும்.

முழு இறாலாக வாங்கியவர்கள் தலையையும் ஓட்டையும் குப்பையில் போடுவது வீண். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் ஆரஞ்சு நிறம் இறங்கும்வரை வறுத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அன்றைய ரசத்துக்கு அதைவிட நல்ல சாறு கிடையாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் கசப்பு இறங்கத் தொடங்கும். நாட்பட்ட தலையை இதற்கு எடுக்க வேண்டாம்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. இனி இறால் குறிப்பு வரும்போது கவுண்ட் என்ன, எடை உரிப்பதற்கு முன்பா பின்பா, எந்தப் பாத்திரம், எவ்வளவு தீ, எத்தனை நிமிடம் என்ற ஐந்தையும் போடுங்கள். 'தேவையான அளவு', 'நன்றாக வெந்ததும்' என்ற சொற்களைப் புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் எப்படி அளப்பார்கள்? இடம் போதாது என்றால் அலங்காரப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். இன்னொரு வரியும் சேருங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைத் தூண்டும் புரதம் சூட்டில் அழிவதில்லை. எவ்வளவு வேகவைத்தாலும் அவர்களுக்கு அது ஆகாது, இறால் வறுத்த கல்லில் அவர்களுக்கு வேறு எதுவும் வார்க்கவும் கூடாது. விருந்தாளிக்குப் பரிமாறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளும்படி அந்த வரியைக் குறிப்பின் தலைப்பிலேயே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகப்பட்டினம்